ரேழியில் நின்ற ஆர்.எக்ஸ்.

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். கம்பெனி அவனை எட்டு மாதத்துக்கு துபாய் அனுப்புகிறது. சந்தோஷமான சேதிதான், ஆனால் குரலில் அது இல்லை. "வண்டிய என்னடா பண்றது? ஹால்லயே ஏத்தி வச்சிட்டுப் போயிடவா? நீதான் ரெண்டு தடவை செஞ்சவனாச்சே" என்றான்.

ரெண்டு தடவை செய்தவன்தான். முதல் தடவை வீட்டையே கொளுத்தப் பார்த்தவன் என்பதை மட்டும் அவனிடம் சொன்னதில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத எழுத நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

என் வண்டி யமஹா ஆர்.எக்ஸ்.100. அப்பா 1994 ஆகஸ்டில் வாங்கியது. கறுப்பு. அந்த மாடலை இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் செய்தார்கள். 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், கையால் தூக்கிவிடலாம் போல ஒரு எடை. இன்றைக்கு ஒழுங்கான ஆர்.எக்ஸ். ஒன்றுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால், அப்பா இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார். விலை ஏறியதோடு திருடர்களின் பிரியமும் ஏறிவிட்டது. என் வண்டியின் பூட்டில் தேய்ந்த சாவி எதைப் போட்டு ஆட்டினாலும் திறந்துகொள்ளும். எங்கள் தெருவிலேயே ஒரு வண்டி ராவோடு ராவாகக் காணாமல் போயிருக்கிறது.

வீடு கும்பகோணத்தில். ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கடைசியில் கொல்லை. போர்டிகோ, ஷெட் எதுவும் கிடையாது. தாத்தா காலத்திலிருந்து சைக்கிள் நிற்கிற இடம் ரேழி. அதனால் 2019ல் ஐந்து மாதம் புனேவுக்குப் போக வேண்டி வந்தபோது யோசிக்கவே இல்லை. சைக்கிள் நின்ற இடத்தில் பைக் நிற்கப்போகிறது, அவ்வளவுதானே.

அம்மாவுக்கு அது அவ்வளவுதான் இல்லை. "செருப்போட நிலைப்படி தாண்டக் கூடாதுன்னு சொல்லி வளர்த்தேன். இப்ப டயரோட வர்றியேடா" என்றாள். டயரைக் கழுவினேன். நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் பலகை சாய்த்து, நான் ஹேண்டிலைப் பிடிக்க, எங்கள் மெக்கானிக் பாய் பின்னாலிருந்து தள்ள, எதிர்வீட்டுப் பையன் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் சீட்டைப் பிடிக்க, வண்டி வீட்டுக்குள் வந்தது. கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்தேன். ரேழிச் சுவரில் அது இழுத்த கோடு இன்றைக்கும் இருக்கிறது.

பிறகு நெட்டில் படித்ததையெல்லாம் வரிசையாகச் செய்தேன். எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: டேங்கை வாய் வரை நிரப்பு. காரணம் சரியானதுதான். டேங்க் இரும்பு. பாதி காலியாக விட்டால் மேல்பாதியில் ஈரக்காற்று தங்கும், இரவில் வேர்க்கும், துருப்பிடிக்கும். நிரம்ப இருந்தால் காற்றுக்கு இடமில்லை. பங்கில் போய் பத்து லிட்டர் சொச்சம் நிரப்பி, பெட்ரோல் காக்கை ஆஃபில் திருப்பி, பெருமையாகப் புனே ரயில் ஏறினேன்.

கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன்.

"ஏண்டா, ரேழியில மண்ணெண்ணெய் வாசனை மாதிரி வருது. ரெண்டு நாளா வருது. எலி கிலி செத்துக் கிடக்கோன்னு பார்த்தேன், அந்த வாசனை இல்ல."

மண்ணெண்ணெய் எங்கள் வீட்டில் இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. வண்டிக்கு அடியில் தொட்டுப் பார் என்றேன். டயர் கறை தரையில் படக் கூடாதென்று விரித்த சாக்கு சொதசொதவென்று இருக்கிறது என்றாள். அப்போது சாயங்காலம் ஐந்தரை. ஆறு மணிக்கு அம்மா கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றுவாள், ஒரு நாளும் தவறாது. நாலு நாள் போனால் ரேழியின் இரண்டு ஓரத்திலும் அகல் வரிசை.

பெட்ரோலைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தும் உறைக்காமல் இருந்த ஒரு சங்கதி இங்கேதான் வருகிறது. பெட்ரோல் ஆவி மேலே போகாது. காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரையோடு தரையாகத் தவழ்ந்து பள்ளம் தேடிப் போகும். பனி உறைகிற குளிரிலேயே அது தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவியாகும், கும்பகோணத்து வெயிலைச் சொல்லவே வேண்டாம். நம் வீட்டில் நெருப்பும் பொறியும் எங்கே இருக்கின்றன? குத்துவிளக்கு தரையில். அகல் தரையில். ஃப்ரிட்ஜின் ரிலே அடியில், தரையிலிருந்து அரை அடி. ஆவி போகிற மட்டத்திலேயே எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

விளக்கு ஏற்றாதே, அடுப்புப் பற்றவைக்காதே, லைட், ஃபேன் எந்த சுவிட்சையும் போடாதே, போட்டிருப்பதை அணைக்கவும் வேண்டாம், முன்கதவு கொல்லைக்கதவு இரண்டையும் திறந்து வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார் என்றேன். ஒரே மூச்சில் சொன்னதில் அம்மா பயந்துவிட்டாள். பாய் ஐந்து லிட்டர் தகர டின் இரண்டோடு வந்து டேங்கைக் காலி செய்தார். சாக்கைக் கொல்லைக்குத் தூக்கிப்போனார். முடித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"ஆஃப்ல வச்சா நிக்கும்னு யாரு தம்பி சொன்னது? அந்தக் காக்குக்குள்ள இருக்குற ரப்பருக்கு கிட்டத்தட்ட உன் வயசு."

சொட்டுச் சொட்டாகத்தான் ஒழுகியிருக்கிறது. பழைய ரப்பர் வாஷர் சுருங்கியிருந்தது. அவ்வளவு சின்ன விஷயம். அன்றைக்கு அம்மா ஆறு மணி விளக்கை ஏற்றவில்லை. எனக்கு விவரம் தெரிந்து அதுதான் முதல் தடவை. அதை அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

டேங்கை நிரப்பு என்ற யோசனை எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டாவது தடவை வெளியூர் போனபோதுதான் நேரில் பார்த்தேன். 2024 செப்டம்பரிலிருந்து பத்து மாதம் நெதர்லாந்தில் ஐந்தோவன். அங்கே குளிர்காலம் வந்தால் பைக்கை உள்ளே வைப்பது ஒரு சடங்கு. அதற்கென்று தோட்டத்தில் தனிக் கொட்டகை இருக்கும், அல்லது தனி கராஜ். பேட்டரிக்கு ஒரு குட்டி சார்ஜர், மேலே துணி உறை. இன்னும் ஒரு வசதி: வண்டியின் பதிவையே கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம், அதுவரை சாலை வரியும் கிடையாது, இன்சூரன்ஸ் கட்டாயமும் கிடையாது. அந்தக் கொட்டகையில் யாரும் விளக்கேற்றுவதில்லை, யாரும் தூங்குவதில்லை. அங்கே நிறைந்த டேங்க் சரி. நாம் வண்டியை வைப்பது நாம் தாளிக்கிற, தூங்குகிற, சாமி கும்பிடுகிற இடத்தில். வீடு தீப்பிடிக்காமல் இருக்க என்ன செய்யணும் என்பதுதான் இங்கே முதல் கேள்வி. வண்டி துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்யணும் என்ற கேள்வி அதற்கப்புறம்தான்.

ஆகவே இரண்டாவது தடவை முதலில் இடத்தை மாற்றினேன். ரேழி வேண்டாம். திருட்டுப் பயத்தில் வாசலோடு ஒட்டி வைக்கத் தோன்றும், ஆனால் அதுதான் வெளியே ஓடுகிற வழி. வழியில் நிற்கிற பொருள் எரிந்தால் உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார்? இதை எழுதும்போது வேலூர் ஞாபகம் வருகிறது. 2022 மார்ச்சில், ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். பெட்ரோல் இல்லாத வண்டிதானே, வீட்டுக்குள் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். மின்சார வண்டியை விட்டுப் போவதாக இருந்தால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போக வேண்டும். முழு சார்ஜில் மாதக்கணக்கில் கிடப்பது அதற்கும் நல்லதில்லை.

இரண்டாம் கட்டில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் ஆர்.எக்ஸின் புது இடமானது. மேலே ஓடு, பக்கத்தில் திறந்த வானம். என்ன கசிந்தாலும் காற்றோடு போய்விடும், விளக்கும் அடுப்பும் தள்ளி இருக்கின்றன. சாரல் அடிக்கும் என்பது ஒன்றுதான் குறை. பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், உள்ளே வேர்த்து, மழையில் நிறுத்தியதைவிட மோசமாகும். அம்மாவின் பழைய பருத்திப் புடவை இரண்டை மடித்துப் போர்த்தினோம். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. வண்டிக்கு வளைகாப்பு மாதிரி இருக்கிறது என்றாள்.

அடுத்தது டேங்க். இந்தத் தடவை சொட்டு இல்லாமல் காலி. காக்கை மூடிவிட்டு, தெருவில் நிறுத்தி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டேன். அப்புறம் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கிற திருகைக் கழற்றி மிச்சத்தையும் வடித்தேன். அந்தக் கிண்ணத்தில் நிற்கிற ஒரு மூடி பெட்ரோல்தான் நாலு மாதத்தில் பிசினாகி ஜெட்டை அடைப்பது. இப்போது பங்கில் வருவது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், 1994ன் ரப்பருக்கும் அதற்கும் ஆகாது. ஆக, முப்பது வருஷ வண்டியில் பெட்ரோலை விட்டுப்போக எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

வடித்த பெட்ரோல் பாயின் வண்டிக்குப் போனது. ஆர்.எக்ஸில் ஒரு சௌகரியம், டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்குத் தனி டேங்க், பம்ப் தானே கலந்துகொள்ளும். அதனால் பெட்ரோல் டேங்கில் இருப்பது வெறும் பெட்ரோல். கலந்து ஊற்றுகிற பழைய ராஜ்தூத், யெஸ்டி என்றால் அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

இங்கே எல்லாரும் தவறுகிற ஒரு இடம் உண்டு. காலி டேங்க் ஆபத்தில்லை என்று நினைப்பது. வடித்த உடனே இருக்கிற டேங்க், நிறைந்த டேங்கைவிட மோசம். உள்ளே திரவம் இல்லை, ஆவியும் காற்றும் சரியான பதத்தில் கலந்திருக்கிறது, ஒரு பொறி போதும். அதனால்தான் விவரம் தெரிந்த வெல்டிங் பட்டறைக்காரர் டேங்கைத் தொடும் முன் தண்ணீர் ஊற்றுகிறார். நான் டேங்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, கொல்லையில் துவைக்கிற கல் மேல் கவிழ்த்து மூன்று நாள் காயவிட்டேன். அம்மா அங்கே நார்த்தங்காய் உலர்த்தியிருந்தாள். முறத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். மூன்றாம் நாள் மூக்கை வைத்துப் பார்த்தேன், வாசனை இல்லை. ஒரு டம்ளர் டூ டி ஆயிலை ஊற்றி, குழந்தையைத் தாலாட்டுவதுபோல எல்லாப் பக்கமும் புரட்டி, மிச்சத்தை வடித்து மூடினேன். உள்சுவர் முழுக்க எண்ணெய்ப் படலம். துருவுக்கு அது போதும்.

மற்றவை சுலபம். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக ஏழெட்டு முறை அழுத்தி, பிஸ்டன் மேலே நிற்கும்போது நிறுத்தினேன். செயினுக்கு எண்ணெய். கிளட்ச் லிவரை இழுத்து சைக்கிள் டியூப் துண்டால் கட்டினோம், இல்லாவிட்டால் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பது பாயின் கட்சி. பேட்டரியை அவரிடமே கொடுத்தேன். மாதா மாதம் சார்ஜ் போடுகிறேன் என்றார். போட்டாரோ இல்லையோ, நான் வருவதற்குள் அது செத்துவிட்டது. ஆர்.எக்ஸ். பேட்டரி இல்லாமலே உதைத்தால் எழுந்துகொள்ளும், அதனால் நான் கேட்கவில்லை. செல்ஃப் ஸ்டார்ட் வண்டிக்காரர்கள் இதில் என்னைப் பின்பற்றாதீர்கள்.

சைலன்சர் வாய்க்குத் துணிப்பந்து, அதன் மேல் பாலித்தீன். காற்று வடிகட்டியின் வாய்க்கும் அப்படியே. குளவிக்கு அந்தக் குழாயைப் போல ஒரு வீடு கிடைக்காது, எலிக்கு உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சைப் போல ஒரு மெத்தை கிடைக்காது. சீட்டுக்கடியில் துணியில் முடிந்த அந்துருண்டை வைத்தேன். அதைவிட வேலை செய்தது எதிர்வீட்டுப் பூனை. பத்து மாதமும் புடவைக்கு மேல் சீட்டில்தான் தூங்கியிருக்கிறது. எலி ஒயரைத் தொடவில்லை. புடவையையும் தாண்டி சீட் கவரைக் கிழித்த கணக்கு பூனையுடையது.

சென்டர் ஸ்டாண்டு போட்டாலும் முன்சக்கரம் தரையில் நிற்கும். ஒரே இடத்தில் பாரம் நின்றால் டயர் அங்கே தட்டையாகும். காற்றைக் கொஞ்சம் கூடுதலாக அடித்து, ஒரு பலகையின் மேல் நிறுத்தி, அம்மாவிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொரு அமாவாசைக்கும் முன்சக்கரத்தைக் கால் சுற்று தள்ளிவிடு. தேதி சொன்னால் மறந்துவிடுவாள், அமாவாசையை மறக்க மாட்டாள். சில அமாவாசைகளில் "தள்ளிட்டேன், காக்காய்க்கும் வச்சாச்சு" என்று ஒரே வாக்கியத்தில் சேதி வரும்.

வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிவிடச் சொல் என்று சித்தப்பா முதல் பால்காரர் வரை எல்லாரும் சொன்னார்கள். கேட்கவே கேட்காதீர்கள். பெட்ரோல் எரிந்தால் புகையோடு தண்ணீரும் வரும். இருபது கிலோமீட்டர் ஓட்டினால் சைலன்சர் சூட்டில் அது ஆவியாகப் போய்விடும். நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் உறுமவிட்டால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி, வாரத்துக்கு வாரம் சேரும். வீட்டுக்குள் என்றால் அதோடு கார்பன் மோனாக்சைடு வேறு. அதற்கு வாசனை கிடையாது, அம்மாவால் கண்டுபிடித்துப் போன் செய்ய முடியாது.

காகிதங்கள். 1994 வண்டி, முதல் பதினைந்து வருஷம் 2009ல் முடிந்தது, அதற்கப்புறம் ஐந்து ஐந்து வருஷமாக எஃப்.சி. அதாவது 2014, 2019, 2024. நான் ஊரைவிட்டுக் கிளம்புகிற வருஷமாகப் பார்த்து அதுவும் வருகிறது. 2019ல் புனேவில் இருந்துகொண்டு கோட்டைவிட்டு அபராதத்தோடு கட்டினேன். 2024ல் முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இன்சூரன்ஸ், தேர்ட் பார்ட்டி மட்டும். தாழ்வாரத்தில் நிற்கிற வண்டி திருடு போனாலோ எரிந்தாலோ அதில் காலணா வராது என்பது தெரிந்தே வைத்திருக்கிறேன். நண்பனின் வண்டி புதுசு, முழு இன்சூரன்ஸ் உண்டு. அதைக் காலாவதியாக விடக் கூடாது. தொண்ணூறு நாள் தாண்டினால் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ் மொத்தமும் போய்விடும்.

அவனுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் வீடு சென்னை வேளச்சேரியில், தரைத்தளம். வீட்டுக்குள் வைத்தால் பத்திரம் என்று அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமும் எத்தனை தரைத்தள ஹாலுக்குள் வந்தன என்று அவனுக்கே தெரியும். மழை எச்சரிக்கை வந்தால் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தலாம், எட்டு மாதம் நிறுத்த முடியாது. டேய், வண்டியைத் தஞ்சாவூரில் உன் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடு. இல்லை, வீட்டிலேயேதான் என்றால், தண்ணீர் ஏறினால் யாரும் ஆர்வத்தில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம் என்று சாவி வைத்திருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போ. ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மாற்றாமல் தொடக் கூடாது.

2025 ஜூலையில் திரும்பி வந்தேன். கிளம்பும் முன் ஹேண்டிலில் ஒரு அட்டையைக் கட்டி வைத்திருந்தேன்: சைலன்சரில் துணி, காற்று வடிகட்டியில் பை, பிளக் இல்லை, டேங்க் காலி, கிளட்ச் கட்டியிருக்கிறது. திரும்பி வருகிற அவசரத்தில் எதை அவிழ்க்க வேண்டும் என்பது மறந்துவிடும் என்று எனக்கு நானே எழுதியது. அடியில் பென்சிலில் அம்மாவின் கையெழுத்து: பிளக் சாமி அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பின்னால்.

வண்டியின் ஒரு பக்க ஹேண்டிலில் மஞ்சப்பை மூன்று தொங்கியது, மறுபக்கம் ஈரத்துண்டு. கேரியரில் முறம். புடவையை எடுத்துப் பார்த்தால் டேங்கின் நெற்றியில் சந்தனம், குங்குமம். போன ஆயுத பூஜைக்கு வைத்தது, அழியாமல் இருந்தது.

பாய் புது காக் மாட்டினார். எல்லாவற்றையும் அவிழ்த்து, பலகை போட்டுத் தெருவுக்கு இறக்கிய பிறகுதான் பெட்ரோல், அரை லிட்டர். பதினோராவது உதையில் பிடித்தது. சிலிண்டரில் விட்ட ஆயிலும் டேங்கில் புரட்டிய ஆயிலும் சேர்ந்து வெள்ளைப் புகை தெருவையே மூடியது. எதிர்வீட்டில் கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று ஜன்னலைச் சாத்தினார்கள். இரண்டு நிமிஷத்தில் புகை அடங்கி, அந்தப் பழைய சத்தம் வந்தது. தாராசுரம் வரை ஒரு நடை போய்விட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா தாழ்வாரத்தில், வண்டி நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த ஈரத்துண்டு. இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் ஒரு கொடி கட்டிக் கொடுத்துட்டுப் போடா என்றாள்.